மந்திரமா? மூன்று கரண்டிச் சர்க்கரையா?



"சர்க்கரை வியாதி" என்றதும் நம் ஜனங்களுக்கு ஞாபகம் வருவது, தொப்பை விழுந்து, வயது அறுபதைத் தாண்டி, காப்பிக் கடையில் "எனக்குச் சர்க்கரை வேண்டாம்" என்று உரக்கச் சொல்லுகிற ஒரு பெரிய மனிதரின் உருவந்தான். பத்து வயதுப் பையனுக்கும் பதினேழு வயதுப் பெண்ணுக்கும் அந்த வியாதி உண்டென்று சொன்னால் நம்ப மாட்டார்கள். அந்தப் பெண்ணுக்குச் சர்க்கரை ஏறுவதைவிட, திடீரென்று இறங்கிப் போவதே அந்தந்த நேரத்து ஆபத்து, அப்போது அவள் வாயில் சர்க்கரையைத்தான் போட வேண்டும் என்று சொன்னாலோ, "சர்க்கரை வியாதிக்காரிக்குச் சர்க்கரை கொடுக்கச் சொல்லுகிறானே, இவனுக்குப் புத்தி சரியாயிருக்கிறதா?" என்று நம்மைத்தான் கேட்பார்கள். இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கும் நேரத்தில் ஓர் உயிர் போய்விடக் கூடும் என்பதால் இதை எழுத வேண்டியதாயிற்று. நாம் டாக்டருக்குப் படித்தவரல்ல. ஆனால் டாக்டர்கள் நூறு வருஷமாக எழுதி வைத்திருப்பதைப் படித்துத் தெரிந்துகொள்ள யாருடைய உத்தரவும் வேண்டியதில்லை.

முதலில் வியாதியைப் பார்ப்போம். வயிற்றில் கணையம் என்று ஓர் உறுப்பு இருக்கிறது. நாம் தின்னும் சோறும் களியும் சர்க்கரையாக மாறி ரத்தத்தில் சேரும்போது, அந்தச் சர்க்கரையை உடம்பின் மற்ற பாகங்களுக்குள் அனுப்புவதற்கு இன்சுலின் என்ற திரவத்தை அந்தக் கணையம் சுரக்கிறது. சில குழந்தைகளுக்கும் வாலிபர்களுக்கும், உடம்பைக் காக்க வேண்டிய காவல் சக்தியே தவறாகத் திரும்பி, இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழித்துவிடுகிறது. இதை டாக்டர்கள் முதல் வகை நீரிழிவு என்கிறார்கள். இது மிட்டாய் அதிகம் தின்றதால் வந்ததுமல்ல, பூர்வ ஜென்மப் பாவத்தால் வந்ததுமல்ல, தாய் தகப்பன் செய்த குற்றமுமல்ல. சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் 2021-ம் வருஷம் வெளியிட்ட கணக்குப்படி, இந்தியாவில் இருபது வயதுக்குட்பட்டவர்களில் மட்டும் சுமார் 2 லட்சத்து 29 ஆயிரம் பேருக்கு இந்த வகை வியாதி இருந்தது. ஆகவே "எங்கேயோ ஒருவருக்கு வருகிற அபூர்வ வியாதி" என்று யாரும் தட்டிக்கழித்து விட முடியாது.

1922-க்கு முன் இந்தக் குழந்தைகளுக்கு இருந்த ஒரே வைத்தியம் பட்டினி. அமெரிக்காவில் கெட்டிக்கார டாக்டர்களே குழந்தைகளை எலும்பும் தோலுமாக்கிச் சில மாதமோ ஒரு வருஷமோ சாவைத் தள்ளிப் போட்டார்கள். கனடா தேசத்து டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்பவர்கள் 1921-ம் வருஷம் நாய்களின் கணையத்திலிருந்து இன்சுலினை எடுத்தார்கள். கோலிப் என்பவர் அதைச் சுத்தம் செய்தார். 1922 ஜனவரி 11-ந் தேதி லியோனார்ட் தாம்சன் என்ற பதினான்கு வயதுப் பையனுக்கு அது முதல் முதலாக ஊசி மூலம் ஏற்றப்பட்டது. அந்த மருந்து சுத்தம் போதாமல் பலிக்கவில்லை. ஜனவரி 23-ந் தேதி மறுபடியும் ஏற்றினார்கள், பையன் எழுந்து உட்கார்ந்தான். கண்டுபிடித்தவர்கள் தங்கள் உரிமையை டொராண்டோ சர்வகலாசாலைக்கு ஆளுக்கு ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மூன்று முடிச்சுத் தாயத்துக்கு ஐந்நூறு ரூபாய் வாங்கும் நம் ஊர் மந்திரவாதிகள் இந்த விலையைக் கவனிக்க வேண்டும்.

சர்க்கரை குறைந்தால் என்ன ஆகும் என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது. டொராண்டோவில் முயலுக்கு இன்சுலினைப் போட்டுப் பார்த்தபோது, சர்க்கரை இறங்கி முயல் இழுத்துக்கொண்டு விழுந்தது. சர்க்கரைக் கரைசலை ஏற்றியதும் எழுந்து ஓடியது. இன்சுலினுக்கு இன்றும் சொல்லுகிறோமே "யூனிட்" என்ற அளவு, அதுவே முதலில் முயலுக்கு இழுப்பு வரும் அளவை வைத்து ஏற்பட்டதுதான். முயலுக்கு யாராவது வேப்பிலை அடித்தார்களா? உடுக்கை தட்டினார்களா? முயலின் மேல் எந்தக் காத்து கருப்பு ஏறியது?

இதிலே கவனிக்க வேண்டிய சங்கதி என்னவென்றால், சொந்தக் கணையத்துக்கு இருக்கும் கண் ஊசி மருந்துக்குக் கிடையாது. கணையமானது ரத்தத்தைப் பார்த்துப் பார்த்து, வேண்டிய மட்டும் சுரந்து, போதுமென்றால் நிறுத்திக்கொள்ளும். ஊசியில் போன இன்சுலினோ, நீ சாப்பிட்டாயா இல்லையா, இன்று கபடி ஆடினாயா, பாவு சுமந்தாயா என்று ஒன்றும் கேட்காது. போட்ட அளவுக்குத் தன் வேலையைச் செய்துகொண்டே போகும். ஒரு மனிதனின் ஐந்து லிட்டர் ரத்தம் முழுவதிலும் எந்த நேரத்திலும் மிதந்துகொண்டிருக்கும் சர்க்கரை சுமார் ஐந்து கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிதான். மனிதன் உயிரோடு நடமாடுவது அந்த ஒரு தேக்கரண்டியை நம்பியே. மூளையோ உடம்பின் எடையில் ஐம்பதில் ஒரு பங்குதான் இருக்கும். ஆனால் உடம்பின் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடுகிறது. அதற்குச் சேமிப்பு என்று சொல்லத்தக்க கிடங்கும் கிடையாது. ஆகவே ரத்தத்தில் சர்க்கரை இறங்கினால் முதலில் பட்டினி கிடப்பது மூளை.

ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் எச்சரிக்கை, 54-க்குக் கீழே போனால் அபாயம் என்று வைத்திருக்கிறார்கள். முதலில் கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும், அகோரப் பசி எடுக்கும். இது உடம்பு அடிக்கும் மணி. அதற்கு மேல் இறங்கினால் பேச்சுக் குழறும், காரணமில்லாமல் கோபமோ அழுகையோ வரும், கண் வெறிக்கும், தான் எங்கே இருக்கிறோம் என்பது தெரியாது. சர்க்கரை கொடுக்க வருகிறவர்களையே பிடித்துத் தள்ளுவார்கள். கடைசியில் இழுப்பும் மயக்கமும் வரும். ராத்திரி தூக்கத்தில் வந்தால் பயங்கரக் கனவு, உளறல், விடியற்காலையில் நனைந்த சட்டை, தலைவலி.

இந்தக் குறிகளைப் படிக்கும்போதே தோழர்களுக்கு வேறொன்று ஞாபகம் வந்திருக்கும்.

ஜலகண்டாபுரத்தில் ஒரு நெசவாளி வீடு என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் பதினேழு வயதுப் பெண். இரண்டு வருஷமாக இன்சுலின் போட்டுக் கொள்ளுகிறாள். ஆடி வெள்ளிக்கிழமை. தாய் விரதம் என்கிறாள், பெண்ணும் சாப்பிடாமல் வழக்கமான ஊசியை மட்டும் போட்டுக்கொண்டு படுத்துவிடுகிறாள். விடியற்காலை மூன்று மணிக்குப் பெண் எழுந்து உட்கார்ந்து, வேர்த்து விறுவிறுத்து, உளறிக்கொண்டு, தாயைப் பிடித்துத் தள்ளுகிறாள். அக்கம்பக்கத்தார் ஓடி வருகிறார்கள். "உச்சி வேளையிலே புளியமரத்துப் பக்கம் போனாளா?" என்கிறார் ஒருவர். "அம்மன் வந்திருக்கிறாள், வெள்ளிக்கிழமையல்லவா!" என்கிறார் இன்னொருவர். பூசாரி வருகிறார். கற்பூரம், வேப்பிலை, எலுமிச்சம்பழம், கன்னத்தில் அறை. அந்த எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து நாலு கரண்டிச் சர்க்கரையைப் போட்டுக் கலக்கிக் கொடுத்திருந்தால் பதினைந்து நிமிஷத்தில் பெண் "எனக்கு என்ன ஆச்சம்மா?" என்று கேட்டிருப்பாள். ஆனால் பழம் பெண்ணின் தலையைச் சுற்றித் தெருமுனைக்குப் போகிறது.

இதிலுள்ள மோசடி சாமானியமானதல்ல. சர்க்கரை இறங்கும்போது கல்லீரல் தன் கிடங்கிலுள்ள சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்குள் தள்ளும். கணையத்தின் வேறு அணுக்களும் சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பிகளும் அதற்குத் தூண்டுகோலாக இருக்கும். ஆகவே சில வேளைகளில், ஒன்றுமே செய்யாவிட்டாலும் ஒரு மணி இரண்டு மணி நேரத்தில் பெண் தானாகவே தெளிந்து எழுந்து விடுவாள். கல்லீரல் செய்த வேலைக்குப் பூசாரி கூலி வாங்கிக்கொண்டு போவார். எழுந்திருக்கவில்லையானால் "விதி முடிந்தது" என்பார். பிழைத்தால் பூசாரியின் சக்தி, செத்தால் பெண்ணின் தலையெழுத்து. உலகத்தில் நஷ்டமே வராத வியாபாரம் இது ஒன்றுதான். இப்படிப் பத்துப் பேரில் சிலர் தெளிந்து எழுவதைக் கண்ணால் பார்த்த ஜனங்கள் மந்திரத்தை நம்புகிறார்கள் என்றால், அவர்களை முட்டாள்கள் என்று திட்டுவதால் மட்டும் பிரயோஜனமில்லை. தெளிந்ததன் காரணத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

ஆனால் பூசாரி மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. மேற்சொன்ன வீட்டில் ஒருத்திக்கு விஷயம் தெரியும். பெற்ற தாய்க்குத் தெரியும். தினம் ஊசி போடுவதைப் பார்த்தவள். கூடியிருந்த ஜனங்களிடம் "இன்சுலின் போட்டிருக்கிறாள்" என்ற ஒரு வார்த்தையை அவள் ஏன் சொல்லவில்லை? அடுத்த தெருவில் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அதனால் சொல்லவில்லை. ஊசிக் குப்பியை அரிசிப் பானைக்குள் மறைத்து வைத்து, விருந்தாளி வந்தால் கொல்லைப்புறத்தில் நின்று ஊசி போட்டுக்கொண்டு, கல்யாண வீட்டில் எல்லாரோடும் சேர்ந்து சாப்பிடக் காத்திருந்து நேரம் தவறி, மறைத்து மறைத்தே அந்தப் பெண்ணை வளர்த்திருக்கிறார்கள். இந்த வியாதியில் சர்க்கரை குறைவதற்கு மருந்து சர்க்கரை. அது எந்த வீட்டு அடுப்படியிலும் இருக்கிறது. ஆனால் பக்கத்திலிருப்பவனுக்கு விஷயம் தெரிந்தால்தானே அவன் அடுப்படிக்கு ஓடுவான்? மறைப்பதுதான் இங்கே கொல்லுகிறது.

"பெண்ணாய்ப் பிறந்துவிட்டதே, சொன்னால் யார் கட்டுவான்?" என்று கேட்கிறார்கள். சரி, கேட்கிறவர்களையே நாம் திருப்பிக் கேட்போம். இந்த வியாதியுள்ள தாய்க்குப் பிறக்கும் பிள்ளைக்கு அது வருவது நூற்றுக்குச் சில பேருக்குத்தான். தகப்பனுக்கு இருந்தாலோ, பிள்ளைக்கு வருவது அதைவிடச் சற்று அதிகம் என்று கணக்கெடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். அப்படியிருக்க, ஊசி போடுகிற பையனுக்கு ஊர் ஊராகப் பெண் பார்ப்பதும், ஊசி போடுகிற பெண்ணை வீட்டு மூலையில் உட்கார வைப்பதும் எந்த நியாயத்தில் சேர்ந்தது? சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்து, கருவுறுவதற்கு முன்பிருந்தே டாக்டரைக் கலந்து, சுகமாகப் பிள்ளை பெற்று வளர்க்கும் பெண்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். மறைத்துக் கட்டி வைத்தால் நடப்பது என்ன? புகுந்த வீட்டில் முதல் ராத்திரி முதலே ஊசியும் மறைவு, பசியும் மறைவு. மயங்கி விழுந்தால் "இழுப்பு நோய்க்காரியைத் தலையில் கட்டிவிட்டார்கள்" என்ற வசை. பகுத்தறிவு பேசுகிற நம் தோழர்களில் சிலர் வீட்டிலும் இந்த விஷயத்தில் மட்டும் ஜாதகக்காரன் வீட்டு நடப்பே நடக்கிறது. மேடையில் மூடநம்பிக்கையைக் கண்டித்துவிட்டு வீட்டில் குப்பியை மறைக்கிறவர் யாரை ஏமாற்றுகிறார்?

மறைப்பது நம் நாட்டு வியாதி மட்டுமல்ல. அமெரிக்க வெளிநாட்டு மந்திரியாயிருந்த சார்லஸ் ஹியூஸ் என்பவரின் மகள் எலிசபெத், 1922 ஆகஸ்டில் டொராண்டோவுக்குக் கொண்டு வரப்பட்டபோது ஏறக்குறைய பதினைந்து வயது. எடை 45 பவுண்டு, அதாவது சுமார் 20 கிலோ. பாண்டிங்கின் ஊசியால் பிழைத்துப் படித்து, கல்யாணம் செய்து, பிள்ளைகள் பெற்று, 73 வயது வரை வாழ்ந்து 1981-ல்தான் காலமானார். ஆனால் தனக்கு இந்த வியாதி இருப்பதை அந்த அம்மையார் பெரும்பாலோரிடம் ஆயுள் முழுவதும் மறைத்தே வந்தார். அவருக்குப் பணமும் படிப்பும் தனி அறையும் இருந்தன, மறைத்தும் பிழைத்தார். ஒரே அறையில் தறியும் அடுப்பும் ஆறு பேரும் இருக்கிற வீட்டுப் பெண் அப்படி மறைத்துப் பிழைக்க முடியுமா?

இனி விரதத்தைப் பற்றி. ஆடி வெள்ளி, புரட்டாசிச் சனி, தீமிதிக்குக் காப்புக் கட்டி ஒரு வேளைச் சாப்பாடு என்று நம் பக்கத்தில் பட்டினிக்குக் குறைவில்லை. ரம்ஜான் நோன்பும் அப்படியே. நோயாளிக்கு விலக்கு உண்டென்று அந்த மதத்துப் பெரியவர்களே சொன்னாலும், மற்றவர் என்ன நினைப்பார்களோ என்று நோன்பிருக்கும் வாலிபர்கள் இருக்கிறார்கள். சாமி உண்டா இல்லையா என்ற விவாதத்தை இங்கே கொண்டுவர வேண்டியதில்லை. உண்டென்றே வைத்துக்கொண்டாலும், இன்சுலின் போட்ட பெண்ணை விடிய விடியப் பட்டினி போட்டுப் பார்த்துச் சந்தோஷப்படுகிற சாமி என்ன சாமி?

பட்டினியும் சர்க்கரைக் குறைவும் சேர்ந்தால் என்ன செய்யும் என்பதற்கு, சர்க்கரை வியாதியே இல்லாத குழந்தைகளிடத்தில் ஒரு பிரத்தியட்ச ருசு பீகார் மாகாணத்தில் கிடைத்தது. அங்கே முசாபர்பூர் ஜில்லாவில் லிச்சிப்பழத் தோப்புகள் அதிகம். 1995 முதல் வருஷா வருஷம் மே, ஜூன் மாதங்களில், ராத்திரி நன்றாயிருந்த குழந்தை விடியற்காலையில் இழுப்பு வந்து மயங்கிச் செத்துக்கொண்டிருந்தது. மூளைக் காய்ச்சல் என்றார்கள், வெயிலின் கொடுமை என்றார்கள், பூச்சி மருந்து என்றார்கள். 2014 மே 26 முதல் ஜூலை 17 வரை இரண்டு ஆஸ்பத்திரிகளில் மட்டும் 390 பேர் சேர்க்கப்பட்டு, 122 பேர் இறந்தார்கள். நம் வேலூர் கிறிஸ்துவ வைத்தியக் கல்லூரியில் வெகுகாலம் வைரஸ் ஆராய்ச்சி செய்த டாக்டர் ஜேக்கப் ஜான் அவர்களும், முசாபர்பூர்க் குழந்தை வைத்தியர் அருண் ஷா அவர்களும், "இது கிருமியால் வந்த மூளைக் காய்ச்சலல்ல, சர்க்கரை இறங்கியதால் மூளை கெட்டது" என்று வாதித்தார்கள். இந்திய, அமெரிக்க நோய்த் தடுப்பு இலாகாக்களின் ஆராய்ச்சி 2017-ல் வெளியாயிற்று. லிச்சியில் உள்ள ஒரு பொருள், கொழுப்பைக் கொண்டு சக்தியும் புதிய சர்க்கரையும் உண்டாக்கும் உடம்பின் வேலையைத் தடுக்கிறது. வயிறாரச் சாப்பிட்ட குழந்தையின் கல்லீரலில் கிடங்கு இருக்கும், அது தப்பித்துக்கொள்ளும். பகலெல்லாம் தோப்பில் விழுந்த பழத்தைத் தின்று, ராத்திரிச் சாப்பாடு இல்லாமல் தூங்கிய ஏழைக் குழந்தைக்குக் கிடங்கே காலி. விடியற்காலையில் சர்க்கரை இறங்கி, மூளை பட்டினி கிடக்கிறது. காரணத்தின் சில பகுதிகளைப் பற்றி விஞ்ஞானிகளுக்குள் வாதம் தீரவில்லை. ஆனால் ராத்திரிச் சாப்பாடு கொடுங்கள், மயங்கிய குழந்தைக்குத் தாமதமின்றிச் சர்க்கரை ஏற்றுங்கள் என்ற இரண்டையும் ஊர் ஊராகச் சொன்ன வருஷங்களில் சாவு குறைந்தது. 2019-ல் மறுபடியும் நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் செத்தார்கள்.

அந்த ஜில்லாவில் பணக்காரன் வீட்டுக் குழந்தையும் லிச்சி தின்றது. அது சாகவில்லை. ஒரு வேளைச் சோறு இரண்டுக்கும் நடுவே நின்றது.

பள்ளிக்கூடத்துக்கு வருவோம். வகுப்பில் தின்னக்கூடாது, பரீட்சை ஹாலுக்குள் ஒன்றும் கொண்டுபோகக் கூடாது என்ற சட்டம் நல்ல சட்டந்தான். ஆனால் இன்சுலின் போடும் பையனுக்குக் கை நடுங்கும்போது, மணி அடிக்கும் வரை பொறுத்திரு என்று சொன்னால், பரீட்சையில் அவன் எழுதுவது அவன் அறிவையல்ல, பட்டினி கிடக்கும் மூளையின் உளறலைத்தான். மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2017-ம் வருஷம், இப்படிப்பட்ட பிள்ளைகள் பரீட்சை ஹாலுக்குள் சர்க்கரை மாத்திரையும் பழமும் தின்பண்டமும் தண்ணீரும் வைத்துக்கொள்ளலாம் என்று உத்தரவு போட்டது. அப்படியானால், பிள்ளைகள் அதுவரை எப்படிப் பரீட்சை எழுதினார்கள் என்று யோசித்துப் பாருங்கள். உபாத்தியாயர் ஒவ்வொருவருக்கும், தம் வகுப்பில் ஊசி போடும் பிள்ளை யார் என்பது தெரிந்திருக்க வேண்டும். திடீரென்று கணக்குத் தப்பாகப் போடுகிற, முறைத்துப் பார்க்கிற, எதிர்த்துப் பேசுகிற பிள்ளையைப் பிரம்பால் அடிக்கு முன் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். இந்தப் பிள்ளைகளின் வைத்தியத்துக்கென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2022-ல் தனியாகவே வழிகாட்டிப் புத்தகம் வெளியிட்டிருக்கிறது. சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் டாக்டர் எம். விசுவநாதன் 1948-லேயே நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு ஆரம்பித்தார். நம் தமிழ்நாட்டுக்கு இது புதுச் சரக்கல்ல.

வாலிபத் தோழர்களுக்குச் சில வார்த்தைகள். உன் உடம்பின் கணக்கை நீதான் வைக்க வேண்டும். விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கும் சிறு கருவி இருக்கிறது. கை நடுங்கினால் பார். 70-க்குக் கீழே இருந்தால் தலைதட்டாத மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை, ஏறத்தாழ 15 கிராம், தண்ணீரில் கரைத்துக் குடி. சிறு குழந்தைக்கு அதில் பாதி போதும். பதினைந்து நிமிஷம் பொறுத்து மறுபடியும் பார். ஏறவில்லையானால் மறுபடியும் அதே அளவு. ஏறிய பிறகு, அடுத்த சாப்பாட்டுக்கு நேரமிருந்தால் இரண்டு இட்லியோ ஒரு பழமோ தின். இந்த நேரத்தில் லட்டும் சாக்லெட்டும் சேலத்துத் தட்டுவடையும் உதவா. அவற்றிலுள்ள நெய்யும் எண்ணெயும் சர்க்கரையை மெதுவாகத்தான் விடும். பயத்தில் அரைக்கிலோச் சர்க்கரையையும் விழுங்கிவிடாதே, பிறகு அது 300-க்கு ஏறி வேறு கஷ்டம். கருவி பக்கத்தில் இல்லையென்றால் யோசனை வேண்டாம், சர்க்கரையைக் கொடுத்துவிடு. தப்பாகக் கொடுத்திருந்தால் கொஞ்ச நேரத்துக்குச் சர்க்கரை கூடும், அதனால் அந்த நேரத்தில் யாரும் சாகமாட்டார்கள். கொடுக்க வேண்டியவனுக்குக் கொடுக்காமல் விட்டால் சாகலாம்.

நினைவு தப்பியவன் வாயில் மட்டும் எதையும் ஊற்றக்கூடாது. அது மூச்சுக்குழாயில் போய் அடைக்கும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108-க்குச் சொல்லி, வருகிறவரிடம் முதல் வார்த்தையாக "இன்சுலின் போடுகிறவர்" என்று சொல்ல வேண்டும். நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினால் சில நிமிஷங்களில் கண் திறப்பார்கள். ஒரு காலத்தில் டாக்டர்களே சித்தசுவாதீனமில்லாதவர்களுக்கு வேண்டுமென்றே இன்சுலினைப் போட்டு மயக்கி, பிறகு சர்க்கரை கொடுத்து எழுப்புவதை ஒரு வைத்தியமென்று செய்து வந்தார்கள். வியன்னாவில் சாக்கல் என்பவர் 1933 வாக்கில் பரப்பிய முறை அது. பலனில்லை, ஆபத்து என்று பரீட்சையில் தெரிந்ததும் வைத்திய உலகம் அதைக் கைவிட்டது. வேப்பிலை அடியை எந்தப் பூசாரி சங்கம் பரீட்சை பண்ணிக் கைவிட்டது என்று யாராவது சொல்லட்டும்.

கபடி ஆடுகிற நாளிலும் சைக்கிளில் மேட்டூருக்குப் போய் வருகிற நாளிலும் சர்க்கரை அப்போது மட்டுமல்ல, அன்று ராத்திரியிலும் இறங்கும். படுக்குமுன் பார்த்துக்கொள். விசைத்தறியில் ராத்திரி ஷிப்ட் போகிறவர்கள் இன்சுலின் வேளையையும் அளவையும் தாமாக மாற்றாமல் டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். ஓடும் தறிக்கு முன்னால் மயக்கம் வந்தால் விரல் போகும். மேஸ்திரி காது கேட்கவே சொல்லி வை. கள்ளையும் சாராயத்தையும் தொடாதே. நாம் ஒழுக்கப் பிரசங்கத்துக்காக இதைச் சொல்லவில்லை. குடித்த வயிற்றில் கல்லீரல் சாராயத்தைக் கவனித்துக்கொண்டு சர்க்கரை விடும் வேலையைத் தள்ளிப்போடும். விழுந்து கிடப்பவனைப் பார்க்கிறவர்களும் "குடிகாரன்" என்று தாண்டிப் போவார்கள்.

அடிக்கடி சர்க்கரை இறங்க விட்டால் உடம்பு மணி அடிப்பதையே நிறுத்திவிடும். நடுக்கமும் வேர்வையும் வராமலே நேராக மயக்கம் வரும். சில வாரம் இறங்காமல் ஜாக்கிரதையாக இருந்தால் அந்த மணி பெரும்பாலும் திரும்பி வருகிறது. இதற்குப் பயந்து ஊசியையே நிறுத்துகிறவர்களும், வேண்டுமென்றே சர்க்கரையை 300-லும் 400-லும் வைத்திருப்பவர்களும் உண்டு. அது கண்ணையும் சிறுநீரகத்தையும் தின்னும். ஊசியை அடியோடு நிறுத்தினால் சில நாளில் உயிரையே தின்னும். "ஊசியை நிறுத்து, என் சூரணத்தைச் சாப்பிடு" என்று சந்தைக்குச் சந்தை குடை விரிக்கிறவனைப் போலீசில்தான் ஒப்படைக்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டுத் தலை சுற்றுகிறவர்களெல்லாம் "எனக்கும் லோ சுகர்" என்று சர்க்கரையைக் கையில் எடுக்கவும் வேண்டாம். சர்க்கரை வியாதியோ அதற்கான மருந்தோ இல்லாத வாலிபர்களுக்கு உண்மையில் சர்க்கரை இந்த அளவு இறங்குவது அபூர்வம். நம் பெண்கள் பலரின் மயக்கம், ஆண்கள் சாப்பிட்ட மிச்சத்தைச் சாப்பிட்டுச் சாப்பிட்டு வந்த ரத்தசோகை. அதற்கு வேண்டியது சோறும் கீரையும் முட்டையும். ரத்தத்தைப் பரிசோதிக்காமல் எதையும் முடிவு செய்யக் கூடாது. இன்னொன்று: வீட்டுத் தாத்தா சாப்பிடும் சர்க்கரை மாத்திரையைச் சிறு குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள். சில வகைகளில் ஒரு மாத்திரையே குழந்தையின் சர்க்கரையை உயிர் போகும் அளவுக்கு இறக்கிவிடும்.

குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில் இன்சுலின் குப்பியைத் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு, ஈர மணலுக்குள் இருக்கும் மண்பானையில் நிழலில் வைக்கலாம். அரிசிப் பானையில் ஒளித்து வைப்பதற்குப் பதில் எல்லாரும் பார்க்கிற இடத்தில் இந்தப் பானையை வைத்தால், வருகிறவர் "இதென்ன?" என்று கேட்பார். கேட்கட்டும். வந்தவருக்குச் சொல்ல அதுதான் நல்ல சந்தர்ப்பம்.

ஊசி போடுகிற ஒவ்வொரு பிள்ளையும் சட்டைப் பையிலோ ஜாக்கெட்டுக்குள்ளோ ஒரு சர்க்கரைப் பொட்டலம் வைத்திருக்க வேண்டும், கூட இருக்கும் மூன்று பேருக்காவது அது எங்கே இருக்கிறது, எதற்கு இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். இதைச் சொன்னால், "பையில் வைத்தால் எறும்பு வருமே" என்கிறார்கள். கழுத்தில் தாயத்தும் இடுப்பில் அரைஞாணும் கையில் மந்திரித்த கயிறும் சுமக்கிற பிள்ளை, ஒரு ரூபாய்கூடப் பெறாத பொட்டலத்தைச் சுமப்பதற்கு மட்டும் எறும்புக்குப் பயப்பட வேண்டுமா? எறும்பு வந்தால் தட்டிவிட்டுத் தின்னட்டும்.